‘தெரியாது’ என்றார் டீச்சர்! கண்டுபிடித்தன பிள்ளைகள்!

“ஏம்ப்பா, பத்திரிகைக்காரத் தம்பி! இதையெல்லாம் எழுத மாட்டீங்களா?”

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்சில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி நம்மை மடக்கினார்.

“எம் மவன் நாலாங்கிளாஸ் படிக்கான். டீச்சர் பாடமே நடத்தலையாம். பிள்ளைககிட்டயே கேள்வி கேக்காங்களாம். அதுக திருப்பிக் கேட்டா, ‘நீயே கண்டுபிடி’ன்னு சொல்லுதாங்களாம். சம்பளம் வாங்கிட்டுச் செய்யிற வேலையா இது?”

பக்கத்து சீட்டில் இருந்த நாலு பேர் “ஆமா, ஆமா” போட்டார்கள்.

புகார் என்று வந்தால் போய்ப் பார்ப்பதுதானே நம் வேலை? மறுநாள் ராஜபாளையத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்குப் போனோம். டீச்சருக்கு 28 வருஷ சர்வீஸ். வகுப்பில் ஒரே இரைச்சல்!

நடுவில் ஒரு வாளித் தண்ணீர். ஒரு சிறுமி வீட்டில் இருந்து பஞ்சு கொண்டுவந்திருந்தாள். ஒரு பையன் கையில் பேண்டேஜ் துணித் துண்டு. பக்கத்தில் சத்திரப்பட்டி முழுக்க அந்தத் தொழில்தானே! அவன் அம்மாவுக்கும் அதில்தான் வேலை.

பஞ்சு மிதந்தது! 

இரண்டையும் தண்ணீரில் போட்டார்கள். பஞ்சு ஜம்மென்று மிதந்தது. பேண்டேஜ் துணி நிமிஷத்தில் நனைந்து உள்ளே போய்விட்டது.

“ரெண்டும் பருத்திதானே டீச்சர்? ஒண்ணு மட்டும் ஏன் மிதக்குது?”

வகுப்பே டீச்சர் முகத்தைப் பார்த்தது. டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா?

“எனக்கும் தெரியலையே! யாருக்காவது தெரியுமா?”

“உள்ளே காத்து இருக்கு” என்றது ஒரு வாண்டு. “துணிதான் கனம்” என்றது இன்னொன்று. பஞ்சைப் பிழிந்து, அமுக்கி, மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பையன் மெதுவாக எழுந்தான்.

“தறித்துணியை வேகவச்சு வெளுத்தாத்தான் தண்ணி குடிக்கும்னு எங்கம்மா சொல்வாங்க டீச்சர்.”

அதுதான் விடை! பருத்தி இழை மேல் மெழுகு போல ஒரு பூச்சு இயற்கையாகவே உண்டு. அது தண்ணீரை ஒட்ட விடாது. காரம் போட்டு வேகவைத்தால் மெழுகு போய்விடும். அப்புறம்தான் துணி தண்ணீரையும் ரத்தத்தையும் உறிஞ்சும். காயத்துக்குக் கட்ட அந்தத் துணிதான் உதவும். அம்மா பார்க்கிற கூலி வேலைக்குள் இப்படி ஒரு விஞ்ஞானம் இருப்பதை அன்று வகுப்பே தெரிந்துகொண்டது. அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நாற்காலி போச்சு!

மணி அடித்ததும் டீச்சர் நம்மிடம் மனம் விட்டுப் பேசினார்.

“முந்தியெல்லாம் இப்படி ஒருத்தன் கேட்டா, ‘உக்காருடா, அதிகப்பிரசங்கி’ன்னு அதட்டியிருப்பேன் தம்பி. பிள்ளைக முன்னால தெரியாதுன்னு சொல்றது லேசுப்பட்ட விஷயம் இல்லை. மொத நாள் சொல்லிட்டு, ராத்திரி தூக்கமே வரலை.”

இது நேற்று வந்த கதை இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பார்த்துக் கொண்டுவந்தது அது. 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது. கரும்பலகை பிள்ளைகள் உயரத்துக்கு இறங்கியது. டீச்சர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைத் தரம் பிரித்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஒவ்வொரு தடவையும் மேலே இருந்து உத்தரவு வரும். இரண்டு மூன்று நாள் பயிற்சி நடக்கும். அத்தோடு சரி! “பழைய டீச்சருங்க மாற மாட்டாங்க” என்று பழி மட்டும் மிஞ்சும்.

நாம் கேட்கிறோம்: 28 வருஷம் ஒரே மாதிரி பாடம் நடத்தியவர் இரண்டு நாளில் மாறிவிட முடியுமா? அண்ணாச்சியின் தராசைப் பிடுங்கிக்கொண்டு, நாளை முதல் கண்ணளவில் நிறுத்துக் கொடு என்றால் கொடுப்பாரா?

அனுபவம் வேண்டாமா?

உண்மையைச் சொன்னால் இந்த முறைக்கு அனுபவசாலிதான் வேண்டும். எந்தப் பிள்ளை யோசிக்கிறது, எது திருதிருவென்று முழிக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். எதைத் தேட விடலாம், எதைச் சொல்லிவிட வேண்டும் என்கிற கணக்கும் தெரிய வேண்டும். ‘அ’ எழுதுவதை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடித்துவிடாது. வாய்ப்பாட்டையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் பல வருஷம் பிள்ளைகளோடு மாரடித்தவருக்குத்தான் பிடிபடும்.

அவருக்கு நேரம் கொடுத்தால் போதும். அதுதான் கிடைப்பதில்லை!

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பிள்ளைகள் செய்து பார்த்தும் தேடியும் கண்டுபிடித்தும் படிக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்கிறது. ஆனால் பதிவேடு, படிவம், செல்போனில் விவரம் ஏற்றும் வேலை என்று பாதி நாள் ஓடிவிடுகிறது என்று ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கிற பள்ளியில் வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு யார் நிதானமாக உட்கார முடியும்?

அதிகாரிகளுக்குச் சொல்கிறோம். எழுத்து வேலையைக் குறையுங்கள். ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் போடுங்கள். இந்த முறையில் தேறிய மூத்த டீச்சரைப் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு நாள் அனுப்புங்கள். அவர் வகுப்பு நடத்துவதை மற்றவர்கள் பார்க்கட்டும். பத்து சுற்றறிக்கைக்கு அது சமம்.

மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் சத்தம் கேட்டால் உடனே புகார் மனு எழுதாதீர்கள். இன்று கடை அடைத்துவிட்டுப் போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ வாங்கிப் போங்கள். “பால் ஒரு நாளில் கெட்டுப் போகுது, பால்கோவா மட்டும் ஏன்டா நாலு நாள் தாங்குது?” என்று மகனிடம் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். 

வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும். அந்தக் கஷ்டத்தைத்தான் டீச்சர் தினமும் படுகிறார்!

நேரம் கொடுப்பார்களா அதிகாரிகள்?