இரண்டாம் வாயில்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. நற்பழக்கங்களை இளமையிலேயே கைக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்த எழுந்த மொழி அது. ஆனால், இளமையில் பள்ளிக் கல்வியை இழந்தவர் பின்னாளில் புத்தகத்தைக் கையில் எடுத்தால், அவரைத் தடுத்து நிறுத்தும் கோலாகவும் அதனைச் சிலர் பயன்படுத்துகின்றனர். மனிதர் மூங்கில் அல்லர். மூங்கில் முற்றினால் வளையாது. மனிதரோ முதிர முதிரத் தமக்கு எது வேண்டும் என்பதைத் தெளிவாக உணர்கின்றனர். இவ்வுண்மைக்குச் சென்னை மாநகரின் தென்பகுதியே சான்று பகரும்.

மயிலாப்பூரில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தை மணம் புரிவிக்கப்பெற்று, மிக இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண் வீட்டின் மூலையில் ஒடுங்க வேண்டும் என்று கருதிய காலம் அது. அவரோ பெற்றோர் துணையுடன் படித்து 1911இல் பட்டம் பெற்றார். பிற கைம்பெண்களும் கற்க இல்லம் அமைத்தார். வயது கடந்த கைம்பெண்களுக்கு அவ்வில்லத்தில் இடமளிப்பது அரிதாக இருந்தது. அவர்களும் உயர்நிலைக் கல்வி பெறுவதற்காக 1927இல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. பின்னாளில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்த அப்பள்ளி, இன்றும் தியாகராய நகரில் நடைபெறுகிறது. அவரே 1942இல் மயிலாப்பூரில், வயது வந்த பெண்களுக்கென்றே ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியையும் நிறுவினார்.

மற்றொருவர் துர்க்காபாய் தேஷ்முக். இராசமுந்திரியில் 1909ஆம் ஆண்டு பிறந்த இவருடைய பள்ளிக் கல்வி இளமையிலேயே இடைமுறிந்தது. எனினும் அறிவு வேட்கை முறியவில்லை. இந்தியைத் தாமே கற்று, சிறுமியாக இருந்தபோதே காக்கிநாடாவில் பெண்களுக்கு அம்மொழியைக் கற்பித்தார். உப்பு அறப்போரில் ஈடுபட்டு 1930க்கும் 1933க்கும் இடையில் மும்முறை சிறை புகுந்தார். எழுத்தறிவும் சட்ட அறிவும் இன்மையால் தமக்காகப் பேச வகையறியாது தண்டனையுற்ற பெண்களை அங்கே கண்டார். அவர்களைப் போன்றோருக்குத் துணைநிற்கச் சட்டம் பயில வேண்டும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் எழுந்தது.

சட்டம் பயிலப் பட்டம் வேண்டும். பட்டத்திற்குக் கல்லூரி வேண்டும். கல்லூரியில் புக மெட்ரிகுலேஷன் தேர்ச்சி வேண்டும். மேடையேறிப் பேசும் ஆற்றலும், பிறருக்குக் கற்பிக்கும் திறனும், சிறை சென்ற தியாகமும் அச்சான்றிதழுக்கு ஈடாகவில்லை. சிறுவர் சிறுமியர் எழுதும் தேர்வைத் தாம் எழுதுவதா என்று அவர் நாணவில்லை. இருபத்தைந்து வயதை நெருங்கிய நிலையில் எழுத்துகளை முதலிலிருந்து பயில்வார்போல் பாடங்களைத் தொடங்கி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அதன்பின் பட்டமும் சட்டக் கல்வியும் பெற்றுச் சென்னையில் வழக்குரைஞரானார். இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார்.

தாம் நுழைந்த வாயிலை அவர் தமக்குப்பின் அடைத்துவிடவில்லை. மயிலாப்பூரில் 1937ஆம் ஆண்டு அவர் நிறுவிய ஆந்திர மகிளா சபையில், பள்ளியைத் துறந்த பெண்கள் அதே காசித் தேர்வுக்குப் பயிற்சி பெற்றனர். மத்திய சமூக நல வாரியம் 1953இல் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். சிற்றூர்களுக்கு ஆசிரியைகளும் செவிலியரும் தேவைப்பட்டனர். அப்பயிற்சிகளில் சேரத் தகுதித் தேர்வு தேறிய பெண்களோ மிகச் சிலரே. இக்குறையைப் போக்க வாரியம் 1958இல் பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பல ஆண்டுப் பாடங்களைச் சுருங்கிய காலத்தில் பயின்று பொதுத்தேர்வு எழுத அது வழிசெய்தது.

“அறிவுதானே பெரிது, சான்றிதழ் எதற்கு?” என்று வினவுவோர் உண்டு. சான்றிதழ் ஏற்கெனவே பெட்டியில் இருப்பவர்க்கே இவ்வினா எளிதாகத் தோன்றும். அஃது இல்லாதவரோ எத்துணைத் திறம் படைத்தவராயினும் வாயிற்படியிலேயே நிறுத்தப்படுகின்றனர். துர்க்காபாயும் அப்படியில் நின்றவரே. சான்றிதழ் அறிவாகாது, ஆயினும் அறிவு உள்ளே செல்வதற்குரிய அனுமதிச் சீட்டாக அஃது இருக்கும்வரை, அதனை எய்தும் வழி எவ்வயதினருக்கும் திறந்திருத்தலே நீதி.

உலகமும் இதனை உணர்ந்துள்ளது. அமெரிக்க நாட்டில், பள்ளிப் படிப்பை முடிக்காமல் போர்ப்படையில் சேர்ந்தோருக்காக 1942இல் உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வு வகுக்கப்பட்டது. மயிலாப்பூரில் கலாநிலையம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். இன்று இந்தியாவில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இப்பணியைச் செய்கிறது. அங்கே ஒருமுறை பதிவு செய்தவர், ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில், தமக்கு இயன்றவாறு பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் முறையும் உண்டு.

எனினும், விண்ணப்பத் தாளும் தேர்வு நாளும் மட்டும் போதா. பகலெல்லாம் அடுக்களையிலும் கடையிலும் உழைப்பவருக்கு, அமர்ந்து படிக்க ஓரிடமும், ஓய்ந்த வேளையில் கிடைக்கும் ஓர் ஆசிரியரும், கேலி பேசாத சுற்றமும் வேண்டும். சுப்புலட்சுமியும் துர்க்காபாயும் தேர்வை எளிதாக்கவில்லை. தேர்வுக்குச் செல்லும் வழியை எளிதாக்கினர். மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளி அறைகள் பல. அவற்றுள் ஒன்றேனும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இத்தகையோருக்காகத் திறக்கப்படுமாயின், அதனினும் சிறந்த அறம் வேறில்லை.

இரண்டாம் வாயில் திறந்திருந்தால் மாணவர் முதல் வாயிலைப் புறக்கணிப்பர் என்று அஞ்ச வேண்டுவதில்லை. குடும்பச் சுமையைத் தோளில் தாங்கி, உறக்கத்தைக் குறைத்துப் படிக்கும் வழியை விரும்பித் தேர்ந்தெடுப்பவர் எவருமிலர். அவ்வழியில் நடப்போரின் உழைப்பை அருகிலிருந்து காணும் இளைஞர், தமக்கு எளிதாக வாய்த்த வகுப்பறையின் அருமையையே உணர்வர்.

ஒவ்வொரு தெருவிலும், தம் பிள்ளையின் பாடநூலை யாரும் அறியாமல் புரட்டிப் பார்க்கும் தாயோ, தந்தையோ, அண்டை வீட்டாரோ இருக்கக்கூடும். அவருக்கு முதல் ஆசிரியராக, வீட்டிலுள்ள மாணவரே அமையலாம். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஐந்தில் கிட்டாத ஒன்றை ஐம்பதில் ஒருவர் பெறுவதற்குத் துணைநின்ற பெருமை, அம்மாணவருடைய சொந்தச் சான்றிதழுக்குச் சற்றும் குறைந்ததன்று.