ஹாரன் அடிக்கவில்லையா? அலட்சியம் வேண்டாம்!



மிக்ஸி, கிரைண்டர், காஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டார் என்று வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாக இந்தப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு வருகிறோம். இந்தத் தடவை வாசலில் நிற்கும் காருக்கு வருவோம். "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, காந்தி ரோடு கடைக்குப் புடவைக் கட்டு கொண்டு போய்ச் சேர்ப்பது எல்லாம் எங்கள் காஞ்சிபுரத்தில் இன்று எத்தனையோ வீடுகளில் பெண்கள்தான். ஓட்டத் தெரியாதவர்களும் அந்த வண்டியில் மடியில் குழந்தையோடு உட்காரத்தானே செய்கிறோம்? ஆகவே இது நம் சமாச்சாரமேதான்.

இன்று நான் சொல்ல வருவது ஸ்டீயரிங் சக்கரத்தைப் பற்றி. அதிலுள்ள ஹாரன் திடீரென்று ஊமையாகிவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் இருக்கலாம் என்பதைப் பற்றி.

சின்னப் பொத்தான், பெரிய விஷயம்

ஒரு வைகாசி மாதம். வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவைக்கு ஊரே திரளும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முதல் நாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து என் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, வண்டியில ஹாரன் அடிக்க மாட்டேங்குது. இந்தக் கூட்டத்துல ஹாரன் இல்லாம எப்படி ஓட்டறது? தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தாரு. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல தனியா ஒரு பொத்தான் வெச்சுத் தர்றாராம். அரை மணி வேலைதானாம்."

"இரு, இரு. மீட்டருக்குப் பக்கத்துல புதுசா ஏதாவது விளக்கு எரியுதா பாரு" என்றேன்.

"ஆமாம் அண்ணி. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் அவர் முன்னால ஒரு பந்து இருக்கிற மாதிரியும் சிவப்பா ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பாட்டுச் சத்தம் கூட்டற பொத்தானும் வேலை செய்யலை. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எல்லாம் ஒண்ணுதான். யாரையும் ஸ்டீயரிங்கைத் தொட விடாதே. நாளைக்குக் கோயிலுக்கு ஆட்டோவிலே போங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

திருவிழா முடிந்ததும் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வண்டியைக் காட்டினோம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. முன்னால் பானெட்டுக்குள் இருக்கும் ஹாரனும் நன்றாக இருந்தது. ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ரிப்பன் கம்பிதான் அறுந்திருந்தது. ஹாரனுக்கு மின்சாரம் போகும் அதே ரிப்பன் வழியாகத்தான் ஏர்பேக் என்கிற காற்றுப்பைக்கும் கட்டளை போக வேண்டும். அதாவது, அந்த நாட்களில் வண்டி எங்காவது மோதியிருந்தால் அவள் முன்னாலிருக்கும் காற்றுப்பை விரிந்திருக்காது. தெருமுனைப் பொத்தானை வைத்திருந்தால் ஹாரன் அடித்திருக்கும். "சரியாகிவிட்டது" என்று மாதக்கணக்கில் ஓட்டியிருப்பாள்!

அந்த மெக்கானிக் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஹாரனை அடிக்க வை என்றால் அவர் அடிக்க வைக்கிறார். அந்தக் காலத்து அம்பாஸடர், பியட் கார்களில் ஸ்டீயரிங்குக்குள் ஹாரன் ஒன்றுதான் மின்சார சமாச்சாரம். இப்போதைய சக்கரம் அப்படி இல்லை.

சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது?

யோசித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது; வண்டியோ சுற்றுவதில்லை. நின்றிருக்கும் வண்டியிலிருந்து சுழலும் சக்கரத்துக்குக் கம்பி கொண்டு போனால் அது முறுக்கிக்கொண்டு அறுந்துவிடாதா? அதற்குத்தான் ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். தட்டையான ரிப்பன் போன்ற கம்பியை ஒரு வட்ட டப்பாவுக்குள் தளர்வாகச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பினால் ரிப்பன் இறுகச் சுற்றிக்கொள்ளும். மறு பக்கம் திருப்பினால் தளரும். சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தின் வில்லைப் பார்த்திருக்கிறீர்களா? அதே மாதிரிதான். அதனாலேயே இதற்கு 'கிளாக் ஸ்பிரிங்' என்று பெயர். சிலர் 'ஸ்பைரல் கேபிள்' என்பார்கள்.

பெரும்பாலான கார்களில் முழு இடத்திலிருந்து முழு வலத்துக்குச் சக்கரம் சுமார் மூன்று சுற்றுச் சுற்றும். ரிப்பனுக்கு இரண்டு பக்கமும் சமமாக இடம் இருக்கும்படி நட்டநடுவில் வைத்துப் பொருத்தினால்தான் தாங்கும். நெசவு வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தாரில் நூலைத் தாறுமாறாகச் சுற்றிவிட்டால் தறியில் போய் அறுந்து நிற்கிறதில்லையா? அதே கதைதான் இங்கும். என் தம்பி வண்டியிலும் அதுதான் நடந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஓர் இடத்தில் ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ரிப்பனை நடுவில் நிறுத்தாமல் மாட்டியதால், வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பும் போதெல்லாம் அது இழுபட்டு, கடைசியில் அறுந்தேவிட்டது.

கம்பெனியிலேயே குறையோடு வருவதும் உண்டு. 2014-ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் இந்த ஸ்பைரல் கேபிள் குறைக்காக நம் நாட்டில் சுமார் 45 ஆயிரம் இன்னோவா கார்களைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுத்தது.

கண் இமைக்கும் முன்னே

காற்றுப்பை எப்படி விரிகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வண்டி பலமாக மோதியதும் உணர் கருவிகள் அதைக் கண்டுபிடித்துக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கின்றன. அங்கிருந்து மின்சாரம் பாய்கிறது. ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் ரசாயனம் எரிந்து வாயுவாகி, மடித்து வைத்த பையைப் புஸ்ஸென்று ஊதிவிடுகிறது. இத்தனையும் நடக்க ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் சுமார் 30 முதல் 50 பங்கு நேரம்தான். நாம் கண்ணை ஒரு தரம் மூடித் திறக்க 100 பங்குக்கு மேல் ஆகிறது! பை விரியும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டும்.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுகிறவருக்கும், 2022 முதல் முன்னால் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காற்றுப்பை கட்டாயம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது சீட் பெல்ட்டுக்குத் துணைதான். பெல்ட் போடாமல் இருந்தால், முன்னால் சாயும் முகத்தை அந்த வேகத்தில் வரும் பை அறைந்துவிடும்.

தாய்மார்களுக்கு மிக முக்கியம்

தம்பி வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. முன் சீட்டில் பாட்டி மடியில்தான் அது ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. "கெட்டியாப் பிடிச்சுக்கிறேன் தாயீ, எனக்குத் தெரியாதா?" என்பது பாட்டியின் வாதம். பாசத்தில் குறையில்லை, ஆனால் மோதும் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. காற்றுப்பை வேலை செய்யாவிட்டால் குழந்தை கண்ணாடியில் போய் மோதும். வேலை செய்தாலோ, விரியும் பைக்கும் பாட்டிக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

ஆகவே பன்னிரண்டு வயது வரை குழந்தைகளுக்குப் பின் சீட்தான். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த மாதிரி பொருத்தும் தனி இருக்கை வேண்டும். அந்த இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், பிள்ளையை நினையுங்கள்.

கர்ப்பிணிகளும் பெல்ட் போடத்தான் வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேல் வராமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவாக வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். வண்டி ஓட்டுகிற யாராக இருந்தாலும், ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் மார்புக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வைத்து உட்காருங்கள்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது

1. ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். பேட்டரி துண்டானாலும் பை விரியட்டும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருப்பார்கள். அவசரப்பட்டால் பை மெக்கானிக்கின் முகத்திலேயே வெடித்து விரியலாம்.

2. காற்றுப்பைக்குப் போகும் கம்பிகள் பெரும்பாலும் மஞ்சள் உறை போட்டிருக்கும். அதில் டெஸ்ட் லைட், மீட்டர் எதையும் வைத்துப் பார்க்கக் கூடாது.

3. முன் சக்கரங்களை நேராக நிறுத்திவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும். "கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் வைத்து மாட்டினீங்களா?" என்று கேளுங்கள். நாம் கேட்கிறோம் என்று தெரிந்தாலே வேலை சுத்தமாக நடக்கும்.

4. பழைய சாமான் கடை கிளாக் ஸ்பிரிங், பழைய காற்றுப்பை வேண்டவே வேண்டாம்.

இந்த அறிகுறிகளையும் கவனியுங்கள்

ஸ்டீயரிங் திடீரென்று கல் மாதிரி கனத்து, சக்கரம் வரைந்த விளக்கு எரிந்தால், திருப்ப உதவும் மின் மோட்டாரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ கோளாறு. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகலாம். விளக்கு எரியாமல் கனத்தால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் டயர் காற்று, பிறகு சக்கர அலைன்மென்ட். வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பாலன்ஸ். ஸ்டீயரிங்கில் ஆட்டம் தெரிந்து, பள்ளத்தில் இறங்கும்போது கடகடவென்று சத்தம் கேட்டால் தள்ளிப் போடாமல் உடனே காட்டுங்கள்.

சாவியே திரும்பவில்லையா? பயப்பட வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை மெதுவாக இடம் வலம் அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் விட்டுவிடும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் தாராளமாக வையுங்கள். ஆனால் ஸ்டீயரிங்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தால் போதும். டாஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதிய இடத்தின் மேல் பிள்ளையார் சிலையை ஒட்டாதீர்கள். பை விரியும்போது அது கல்லாகப் பறந்து வரும். சுவாமி படத்துக்கு வேறு நல்ல இடம் பாருங்கள்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம்! விபத்தில் விரிந்த பையை மாற்றாமல், விளக்கை மட்டும் அணைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சர்வீஸ் நிலையத்தில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கூடவே சேஸிஸ் நம்பரைச் சொல்லி, "இந்த வண்டிக்கு ஏதாவது ரீகால் பாக்கி இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் இருந்த ரசாயனம் ஆண்டுக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டுக் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளாகச் சிதறி உலகெங்கும் பல உயிர்களைக் குடித்தது. இந்தியாவிலும் பல கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் ஊர் வெயிலும் புழுக்கமும் உங்களுக்குத் தெரியாததா? ரீகாலில் மாற்றித் தருவதற்குக் காசு வாங்குவதில்லை. கேட்டால் கிடைக்கும், கேட்கத்தான் வேண்டும்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் அந்தச் சின்ன விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைந்தால் நிம்மதியாகப் புறப்படுங்கள். அணையாமல் நின்றால் அன்றைக்கே சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். குழந்தை மட்டும் எப்போதும் பின் சீட்டில்!

அடுத்த இதழில் காரின் பேட்டரியைப் பற்றிப் பார்ப்போம்.