சர்க்கரைப் பதிவேட்டில் ஒரு கேள்வி சேரட்டும்

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு கும்மிடிப்பூண்டி பக்கம் மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயம். சொர்ணவாரிப் பட்டத்தில் நெல், மேட்டில் கீரையும் கத்தரியும். கணக்குப் பார்க்கிற புத்தி மட்டும் போகவில்லை.

பக்கத்து நிலத்துக்காரருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மீதி நேரத்தில் சொந்த நிலத்துக்கும் கூலிக்கும் மருந்து அடிப்பார். போன மாசம் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். "எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்ல சார்" என்று புலம்பினார். சாப்பாடு, குடி, பரம்பரை எல்லாம் விசாரித்தார்களாம். "மருந்து அடிப்பீங்களா?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். காரணம் நம் ஊர் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கணேசன் வேல்முருகன், சுப்பையா ராமசாமி குழுவினர் கிராமங்களில் 3,080 பேரைப் பரிசோதித்து, 2017-ல் 'ஜீனோம் பயாலஜி' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்குகிறவர்களிடம் நீரிழிவு அதிகம். ரத்தத்தில் மருந்தின் எச்சம் கூடக்கூட, மூன்று மாதச் சர்க்கரை அளவும் கூடியிருந்தது.

இந்த மருந்துகள் நரம்பைத் தாக்கும்; அதனால் ஒரு நரம்பு நொதியை அளந்து பாதிப்பைக் கணிப்பார்கள். அந்த நொதிக்கும் சர்க்கரைக்கும் இவர்கள் ஆய்வில் தொடர்பே தெரியவில்லை. எலிகளுக்கு 180 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நொதியில் பெரிய மாற்றமில்லை. சர்க்கரைக் கட்டுப்பாடு மட்டும் கெட்டது. அந்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களை வேறு எலிகளுக்கு மாற்றியபோது அவற்றுக்கும் அதே கோளாறு வந்தது. குடல் நுண்ணுயிர்கள் மருந்தைச் சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. அதைக் கொண்டு உடம்பு கூடுதல் சர்க்கரையைத் தயாரிக்கிறது என்று கண்டறிந்தார்கள்.

"சீக்கிரம் சிதைந்துவிடும், பயமில்லை" என்று சொல்லித்தானே இந்த மருந்துகளை விற்றார்கள்? சிதைவதே வினையாகியிருக்கிறது. தப்பான பேரேட்டைத் தணிக்கை செய்து 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்ட கதை இது.

குடல் நுண்ணுயிர் தலையிடுவது பூச்சிமருந்தில் மட்டுமல்ல. அமெரிக்காவின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் விபா புந்துமார்ட் என்ற உயிரியலாளர் சோயாவைத் தாக்கும் வேரழுகல் கிருமியை ஆராய்பவர். அவரும் இருந்த குழு 2019-ல் இன்னொன்றைக் காட்டியது. எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருள் உடம்பை ஆபத்தான அளவுக்குச் சூடேற்றும். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்த எலிகளுக்கு அந்தச் சூடு குறைவாகவே ஏறியது. அதாவது, உள்ளே போகிற ரசாயனம் என்ன செய்யும் என்பதில் குடலில் குடியிருப்பவைக்கும் பங்கு உண்டு.

நாமும் மிகைப்படுத்தக் கூடாது. எலி வேறு, மனிதர் வேறு. கிராமத்து ஆய்வு காட்டுவது தொடர்பைத்தான். சர்க்கரைக்கு வேறு பல காரணங்களும் உண்டு. பக்கத்து நிலத்துக்காரருக்கு மருந்தால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால், கேட்கவே கேட்காவிட்டால் எந்தக் காலத்தில் தெரியும்?

ஆகவே என் கோரிக்கை இது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். நல்ல காரியம். விவசாய வட்டாரங்களிலாவது பதிவேட்டில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: மருந்து அடிப்பவரா, என்ன மருந்து, எத்தனை வருஷம்? செலவு ஒரு பேனா மை. பத்து வருஷத்தில் மாவட்டவாரியாகக் கணக்கு கிடைத்துவிடும். மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டது; ஆனால் அதே குடும்பத்து மருந்துகள் வேறு பெயர்களில் புழங்குகின்றன. அடுத்த தடைக்கு இந்தக் கணக்கு உதவும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். ஜீவாமிர்தம் ஊற்றி மண்ணின் நுண்ணுயிரைக் காப்பாற்றும் நாம், மருந்து அடிக்கும் கூலிக்காரரின் குடலைப் பற்றியும் பேச வேண்டும். ஊரில் மருந்து அடிப்பவர்களிடம் ஒரு நோட்டு கொடுங்கள். தேதி, மருந்தின் பெயர், எத்தனை டேங்க் என்று எழுதட்டும்; பரிசோதனைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகட்டும்.

இயற்கைக்கு மாறும் முன் இரண்டு வருஷம் நானும் அடித்தவன்தான். என் நோட்டில் முதல் பக்கம் அதுதான். அடுத்த வாரம் எனக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன்.