பதிவேட்டில் இல்லாத பெயர்

அப்பளம் இடும் அம்மையார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உளுந்து மாவை இடித்து இடித்து உள்ளங்கை காய்த்துப் போனவர். உறையின்மீது ஒரு தூக்கணாங்குருவிப் படம். எனவே ஊர் அதனைக் 'குருவி அப்பளம்' என்றே அழைக்கிறது. இருபதாண்டு உழைப்பிலே அந்தக் குருவிக்குச் சிறகு முளைக்கிறது. முளைத்ததும் வருகிறார் பக்கத்து நகரத்துப் பெரு வணிகர். அதே குருவியை அச்சடித்து, பதிவும் செய்துகொண்டு, "குருவி இனி எனக்குரியது, உன் வியாபாரத்தை நிறுத்து" என்று வக்கீல் நோட்டீசு விடுக்கிறார். "பதிவு செய்யாதது என் குற்றந்தானே" என்று விம்முகிறார் அம்மையார். போனது போகட்டும் என்கிறது ஊர்.

போகவேண்டியதில்லை, தோழர்களே!

1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பதிவு பெறாத குறிக்காக 'குறி மீறல்' வழக்குத் தொடர முடியாது என்று ஒரு கதவைச் சாத்துகிறது. ஆனால், தன் சரக்கைப் பிறருடைய சரக்கென நம்பவைத்து விற்பவன்மீது வழக்காடும் உரிமைக்கு ஊறில்லை என்று மறு கதவைத் திறந்தும் வைக்கிறது. 34-ஆம் பிரிவோ, பதிவுக்காரர் குறியைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அது பதிவான நாள், இவ்விரண்டில் முந்தியதற்கும் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை அந்தப் பதிவு தடுக்காது என்கிறது. இது தில்லி தந்த கொடை என்று மயங்கிவிடாதீர்! 1842-லேயே இங்கிலாந்தில் ஒரு கேசத் தைல வழக்கில் நீதிபதி லாங்டேல் பிரபு எடுத்துரைத்த நெறி இது. வேடம் புனைவது மேடையிலே கலை, கடைத்தெருவிலே களவு!

நம் நாட்டுச் சான்று வேண்டுமா? நெல்லையப்பர் கோயில் எதிரே, மாலையில் திறந்து, மங்கிய விளக்கொளியில் அல்வா விற்று, இருட்டையே பெயராக்கிக் கொண்ட இருட்டுக்கடையை அறியாதார் யார்? அந்தப் பெயருக்கு முன்னே 'திருநெல்வேலி' என்று ஒட்டவைத்து வேறொருவர் அல்வா விற்றார்; பதிவும் பெற்றார். பழைய கடையாரிடமும் பதிவு இருந்தது. காகிதத்துக்குக் காகிதம் சமமாக நின்றபோது தராசைச் சாய்த்தது எது? காலம்! முன்பயன்பாட்டின் உரிமையே மேலானது, வணிகத்தில் ஏற்கெனவே பிறந்துவிட்ட உரிமையைத்தான் பதிவு ஏற்கிறது என்று 2015-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்க வேர்ல்பூல் கம்பெனியின் கதை இன்னும் சுவையானது. புதுப்பிக்காததால் 1977-இல் அதன் பதிவு இங்கே காலாவதியாயிற்று. பின்னர் அப்பெயரை வேறொருவர் முறைப்படி பதிவு செய்துகொண்டார். வழக்கு மூண்டது. இந்தியாவுக்கு வந்த ஏடுகளின் விளம்பரங்களையும், அமெரிக்கத் தூதரகத்துக்கு விற்ற விற்பனையையும் காட்டியே அந்தக் கம்பெனி தடையாணை பெற்றது. 1996-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கடல்கடந்த கம்பெனிக்குக் கிட்டிய நீதி, அடுப்படியில் அமர்ந்த அம்மையாருக்கு எட்டாதா?

எட்டும். ஆனால் ஏணியில் முள் இருக்கிறது. தம் பெயருக்கு நன்மதிப்பு உண்டு, எதிரி மக்களை மயக்குகிறார், அதனால் தமக்குக் கேடு விளைகிறது என்ற மூன்றையும் அவரே மெய்ப்பிக்கவேண்டும். மெய்ப்பித்தால் தடையாணையும், இழப்பீடோ எதிரியடைந்த இலாபக் கணக்கோ, போலி உறைகளை அழிக்கும் ஆணையும் பெறலாம். பதிவு பெற்றவர் குறி மீறல் வழக்கைத் தம் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். பதிவில்லாத ஏழையோ போலி வணிகர் இருக்குமிடமோ, ஏமாற்று நடந்த இடமோ தேடி அலையவேண்டும்! வசதி உள்ளவருக்கு வாசலில் நீதி, வசதி இல்லாதவருக்கு வழிப்பயணம்! இந்த ஓரவஞ்சனையை நீக்கு என்று நாம் கேட்கவேண்டாமா?

கேட்போம். கேட்டுக்கொண்டே செய்யக்கூடியதும் உண்டு. தனி மனிதரும் சிறு தொழிலாரும் இணையவழிப் பதிவுக்குக் கட்டவேண்டியது 4,500 ரூபாய். மகளிர் குழுக்களுக்கு அதனை எடுத்துச் சொல்லுங்கள். வழக்கென்று வந்துவிட்டால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு உடன் சென்று மனுவை எழுதிக் கொடுங்கள். போகியன்று பழைய பில் புத்தகங்களையும் கணக்கேடுகளையும் தீயிலிடப் போகும் கடைக்காரரைக் கண்டால், கையைப் பிடித்து நிறுத்திவிடுங்கள்.