படிக்கும் காலத்துக் கடனும் பால் வெட்டாத ரப்பரும்

அருமனைப் பக்கத்து அங்கத்தினர்களுக்கு ரப்பரைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கன்று நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னரே மரத்தில் கத்தி வைக்கலாம். அதுவரை உரமும் களையெடுப்பும் செலவுக் கணக்கிலேயே ஏறும். வரவு ஒரு காசும் இராது. நடவுக்குக் கடன் கொடுத்தவர் முதலாண்டிலேயே தவணை கேட்டால், தொழில் அறியாதவர் என்றே அவரைக் கருதுவோம்.

கல்விக் கடனும் இத்தன்மையதே. இந்திய வங்கிகள் சங்கம் 2001-ஆம் ஆண்டில் வகுத்து, பின்னர் திருத்திய மாதிரிக் கல்விக் கடன் திட்டம் இதனை ஒப்புக்கொள்கிறது. படிப்புக் காலம் முழுவதும், அது முடிந்து மேலும் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரையில் திருப்பிச் செலுத்தலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நம்மவர் பலரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நிற்பது தவணை மட்டுமே, வட்டி நிற்பதில்லை. நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டு, நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கந்தோறும் ஒரு லட்சம் ரூபாய் வாங்கியதாகக் கணக்கிடுவோம். சலுகைக் காலத்தில் தனிவட்டிதான். அப்படியிருந்தும் முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்காண்டு வட்டி என்று கூட்டிப் பார்த்தால் 1,40,000 ரூபாய் ஆகிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் நான்கு லட்சமாக இராது. 5,40,000 ஆக நிற்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியை அவ்வப்போது கட்டிவருவோருக்கு ஒரு விழுக்காடு வட்டிச் சலுகை தரலாம் என்றும் அத்திட்டம் கூறுகிறது. இயன்றவர்கள் இதனைக் கேட்டுப் பெறுதல் நன்று.

பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத மாணவர்கள், உள்நாட்டில் அங்கீகாரம் பெற்ற தொழிற்கல்வி பயில்வார்களாயின், சலுகைக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டு முதல் உள்ளது. உரிய அதிகாரியின் வருமானச் சான்று வேண்டும். ஒருவருக்கு ஒரே முறைதான் இவ்வுதவி. நடுவில் படிப்பை விட்டவருக்கு, நோய் போன்ற காரணத்தைச் சான்றுடன் காட்டினாலன்றி, கிடையாது. இதனை முன்கூட்டியே அறியாமல் இழந்தோர் நம்மிடையே உளர்.

அண்மையில் நம் சங்கத்துக்கு வந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வங்கி அனுப்பிய அறிவிப்பைக் கையில் வைத்திருந்தார். அவருடைய மகள் செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, உடனே இரண்டாண்டுப் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். "பிள்ளை இன்னும் படிச்சிட்டுத்தானே இருக்கா, ஐயா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் வங்கியின் ஏட்டில் பழைய படிப்பு முடிந்த நாள்தான் இருந்தது; அதிலிருந்து ஓராண்டு கழிந்ததும் தவணை தானே தொடங்கிவிட்டது. புதிய கல்லூரியின் சேர்க்கைச் சான்றை எவரும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. தொண்ணூறு நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடும். மகளின் பெயரோடு, உடன் கையெழுத்திட்ட தந்தையின் பெயரும் கெடும்.

மேற்படிப்புக்குக் கூடுதல் கடன் பெற்று, இரண்டையும் சேர்த்து அப்படிப்பு முடிந்த பின் கட்டுவதற்கு மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. குறித்த காலத்தில் படிப்பை முடிக்க இயலாதவருக்கு இரண்டாண்டுகள் வரை நீட்டிப்பும் தரலாம். ஆனால் இவை யாவும் "தரலாம்" என்ற சொல்லில் தொங்குகின்றன. விண்ணப்பித்தால் வங்கி முடிவு செய்யும். விண்ணப்பிக்காதவருக்கு ஒன்றும் இல்லை.

அமெரிக்க நாட்டில் அரசுக் கல்விக் கடன் பெற்ற மாணவர் பாதி நேரப் படிப்பிலேனும் பதிவாகியிருந்தால், கல்லூரி அனுப்பும் பதிவு விவரத்தைக் கொண்டே பெரும்பாலும் தவணை தானாகத் தள்ளிவைக்கப்படுகிறது. மாணவர் சான்றைச் சுமந்து அலைய வேண்டிய நிலை அங்குக் குறைவு. நம் நாட்டிலும் மாணவர் சேர்க்கை விவரம் கல்லூரிதோறும் கணினியில் இருக்கிறது. அதனை வங்கிக்குத் தெரிவிக்கும் கடமையைக் கல்லூரியின்மீது வைக்க வேண்டும் என்பதே நமது கருத்து. கடனைத் தட்டிக்கழிப்பதற்காகவே படிப்புக்கு மேல் படிப்பு சேர்வோருக்கு இது வழிவிடும் என்று சிலர் கூறலாம். அவ்வாறு செய்வோரை வட்டியே தண்டித்துவிடும். அவர்களுக்காக உண்மையாகப் படிப்போரை வாட்டுவது முறையன்று.

அந்த ஏற்பாடு வரும்வரையில் நாம் கைகட்டியிருக்க இயலாது. பயிர்க் கடன் கெடு நாட்களைக் குறித்து வைப்பது போலவே, அங்கத்தினர் பிள்ளைகளின் கல்விக் கடன் விவரத்துக்கும் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைக்கலாம்: படிப்பு முடியும் மாதம், சலுகை முடியும் மாதம், மேற்படிப்புச் சான்று வங்கியில் கொடுத்த தேதி, அதற்கு வங்கி தந்த ஒப்புகை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை முன்வைக்கிறோம். பிள்ளைகளை மேற்படிப்பில் சேர்த்துள்ள அங்கத்தினர்கள் அதற்காகக் காத்திராமல், சேர்க்கைச் சான்றின் நகலை இந்த வாரமே வங்கியில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.