மாத்திப் பார்த்தால் கோளாறு தெரியாது

உக்கடத்தில் ஆரம்பித்து ஒலவக்கோடு வரைக்கும் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், "அண்ணே, வண்டி சில நேரம் ஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ஆக மாட்டேங்குது" என்று சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "பேட்டரியை மாத்திப் பாத்துடலாம்." அதில் சரியாகவில்லை என்றால் செல்ஃப் மோட்டார். பிறகு ரிலே, பிளக், பெட்ரோல் பம்ப். வண்டிக்காரரும் தலையாட்டுகிறார். விட்டு விட்டு வரும் கோளாறைக் கையில் பிடிக்க முடியாது, பொருளை மாற்றி மாற்றித்தான் விரட்ட வேண்டும் என்ற நம்பிக்கை மெக்கானிக்குக்கும் வாடிக்கையாளருக்கும் பொதுவாகிவிட்டது. இந்த நம்பிக்கை தவறு. பணத்தைத் தின்கிறது என்பது அதன் சின்னக் குற்றம். நல்ல பொருளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, கெட்டுப்போன இணைப்பை வண்டியிலேயே விட்டுவைக்கிறதே, அதுதான் பெரிய குற்றம்.

இதில் அதிகம் அடிபடுபவை மாடிஃபை செய்த வண்டிகள். ஹெடர் என்ற எக்ஸாஸ்ட் குழாய் போட்ட பழைய ஹோண்டா சிட்டி, டர்போவைப் பெரிதாக்கிய ஆக்டேவியா, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியுவை ரேஸ் வகைக்கு மாற்றிய எஸ்டீம் என்று கோவையிலும் பாலக்காட்டிலும் ஆசையாக வளர்க்கப்படும் வண்டிகள் ஏராளம். அவற்றின் சொந்தக்காரர்கள் செலவுக்கு அஞ்சாதவர்கள். அதனாலேயே அவர்களிடம் "மாத்திப் பாப்போம்" சுலபமாக விலைபோகிறது.

கஞ்சிக்கோட்டையே எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் ஊர். கோடையில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. கோவையிலிருந்து நெடுஞ்சாலை 544-இல் விரட்டிக்கொண்டு வரும் ஒரு டர்போ வண்டி, வாளையார் தாண்டி இங்கே டீக்கு நிற்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒரே ஒரு 'டக்'. செல்ஃப் எடுக்கவில்லை. காலையில் வீட்டில் ஒரே திருகில் எடுத்த வண்டி. அரை மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எடுக்கும். "காரணமே இல்லாம வருது, போகுது" என்கிறார்கள். காரணமில்லாமல் எதுவும் வருவதில்லை. காலையில் இல்லாமல் மதியத்தில் இருப்பது எது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எஞ்சினை நிறுத்தியவுடன் விசிறிக் காற்றும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுகின்றன. டர்போவிலும் ஹெடரிலும் தேங்கிய சூடு சுற்றிலும் உள்ள எல்லாவற்றிலும் இறங்குகிறது. வண்டி ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்திய பத்தாவது நிமிடத்தில்தான் செல்ஃப் மோட்டாரும் அதன் தலையில் உட்கார்ந்து மின்காந்தமாக அதை இயக்கும் சொலினாய்டும் அதிகம் சூடாகின்றன. தாமிரக் கம்பி 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் அதன் மின்தடை ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். அதனால் சொலினாய்டுச் சுருளில் மின்னோட்டம் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். இழுக்கும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதிக்குச் சற்று மேல் என்ற நிலைக்கு இறங்கிவிடும். இதோடு தேய்ந்த இக்னிஷன் சுவிட்சும் துருப்பிடித்த கனெக்டரும் சேர்ந்து வோல்ட்டைத் தின்றால், சொலினாய்டு பாதி தூரம் நகர்ந்து நின்றுவிடும். காலையில் இதே சுவிட்சு, இதே கனெக்டர். ஆனால் சுருள் குளிர்ந்திருந்தது.

இப்போது பேட்டரிக்கு வருவோம். சோர்ந்துபோன பேட்டரி குளிர்ந்த காலையில்தான் அதிகம் முனகும், எண்ணெய் கெட்டியாக இருக்கும் நேரம் அது. சூடான எஞ்சினைச் சுற்றுவது சுலபம். காலையில் துள்ளி எழுந்து மதியத்தில் மட்டும் மறுக்கும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியை அல்ல. இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் எத்தனை நல்ல பேட்டரிகள் பழைய பொருள் விலைக்குப் போகின்றன என்று நினைத்தால் கோபம் வருகிறது. பேட்டரி சாகாது என்று நான் சொல்லவில்லை. இந்த வெயிலில் சீக்கிரமே சாகும். ஆனால் செத்ததா என்பதைச் சொல்ல மீட்டர் இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். அதற்கு மேலே நின்றுகொண்டே வண்டி மறுக்கிறது என்றால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

"ஆனா மாத்தினதும் சரியாச்சே!" என்பார்கள். இந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருப்பதே இந்த வாதம்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேட்டரியை மாற்றும்போது டெர்மினலைக் கழற்றுகிறோம், சுரண்டுகிறோம், இறுக்குகிறோம். வழியில் எர்த் வயரைத் தொட்டு அசைக்கிறோம். அழுக்கேறிய இணைப்பு அந்த அசைவிலேயே சில வாரங்களுக்குப் பிழைத்துக்கொள்ளும். பெயர் மட்டும் புதுப் பேட்டரிக்கு. தவிர, புதுப் பேட்டரி சுமையின் கீழ் அரை வோல்ட் அதிகமாகத் தாங்கும். வழியில் தொலையும் வோல்ட் தொலைந்துகொண்டேதான் இருக்கும்; அதை அந்த அரை வோல்ட் கொஞ்ச காலம் மூடி மறைக்கும். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டினாலும் இதே கதை. தானாகவே வந்து போகும் கோளாறு, எதை மாற்றினாலும் அடுத்த இரண்டு நாள் வராமல் இருக்கலாம். வராமல் இருந்ததை நிரூபணம் என்று எடுத்துக்கொண்டால் டேஷ்போர்டில் தொங்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அதே நிரூபணம் பொருந்தும்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் காது கொடுங்கள். செல்ஃப் சுற்றவே இல்லையா, அல்லது சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். "ஸ்டார்ட் ஆகல" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. சுற்றாத வண்டியில் 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் வோல்ட் சரிகிறது: பேட்டரி அல்லது பெரிய வயர்களின் இணைப்பு. ஒரே 'டக்' என்றால் சொலினாய்டு, அதன் உள்ளே தேய்ந்த காண்டாக்ட், கார்பன் பிரஷ், எர்த். சத்தமே இல்லை என்றால் சாவியிலிருந்து சொலினாய்டு வரையிலான சின்ன வயர்: கிளட்ச் சுவிட்சு, ரிலே, யாரோ நடுவில் வெட்டிச் சேர்த்த அலாரம்.

அடுத்தது வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்ப்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கட்டையிலும் இன்னொன்றை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருக வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. பிறகு நெகட்டிவ் கட்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் இடையே இதே சோதனை, அங்கே 0.2 வோல்ட்தான் எல்லை. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஓம் மீட்டரை வைத்து "வயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது பெரிய ஏமாற்றம். 150 ஆம்பியர் பாயும்போது 0.02 ஓம் தடை 3 வோல்ட்டைத் தின்றுவிடும். சாதாரண மல்டிமீட்டருக்கு 0.02 ஓமைக் காட்டும் திறனே கிடையாது. நூறு இழைகளில் ஐந்து மட்டும் மிஞ்சிய வயரும் அதன் கண்ணுக்கு முழு வயர்தான்.

மாடிஃபை செய்த வண்டிகளில் இந்தச் சோதனை மிகவும் அவசியம். எடையைப் பின்னுக்குத் தள்ளப் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுகிறார்கள். ஐந்து மீட்டர் வயர் ஓட வேண்டும். 35 சதுர மில்லிமீட்டர் தாமிரம் என்றால் 200 ஆம்பியரில் அரை வோல்ட் இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். 16 என்றால் ஒரு வோல்ட்டுக்கு மேல். கார் ஆடியோ கடையில் விற்கும், அலுமினியத்துக்குத் தாமிரம் பூசிய வயராக இருந்தால் இன்னும் மோசம். எஞ்சின் பிளாக்குக்கும் சேசிஸுக்கும் பெயின்ட் அடித்து அழகாக்கும்போது எர்த் பட்டையின் இடத்திலும் பெயின்ட் விழுகிறது. சில வண்டிகளில் பட்டையையே திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார்கள். அப்போது செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சூடாகிறது என்றால் வேறு சாட்சியே வேண்டாம்.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டிகளுக்குப் பழைய ஹோண்டா கார்களின் மெயின் ரிலே உலகமறிந்த உதாரணம். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் சாலிடர் புள்ளிகளில் மயிரிழை விரிசல் விழும். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே சூடு ஏறும்போது விரிசல் விரியும், பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே ஆறியதும் வண்டி எடுக்கும். இதற்காகப் பம்பை மாற்றியவர்கள் உண்டு, பிளக், காயில் எல்லாம் மாற்றியவர்கள் உண்டு. சாவியை ஆன் செய்தால் இரண்டு விநாடி பம்பின் ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காத நேரத்தில் ரிலேயைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்து, சாலிடரை மறுபடி உருக்கிவிட்டால் போதும்.

"மாடிஃபை பண்ணின வண்டி, யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்று கைவிரிப்பது இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். சட்டம் வேறு விஷயம். கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கியது. ஆனால் கோளாறு கண்டுபிடிக்கும் காரியத்தில், ரேஸ் ஈசியு உள்ள வண்டி கம்பெனி வண்டியைவிடச் சுலபமானது. பேட்டரி வோல்ட், ஆர்பிஎம், கிராங்க் சென்சார் சிக்னல் எத்தனை முறை தவறியது என்பதையெல்லாம் அது பதிவு செய்யும். கோவை செட்டிப்பாளையத்து காரி ஸ்பீட்வே ரேஸ் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பதிவு புதிதல்ல. மறுத்த அந்த ஒரு தடவையின் பதிவைத் திறந்தால், சுற்றும்போது வோல்ட் 7-க்கு இறங்கி ஈசியுவே அணைந்து எழுந்ததா, சூட்டில் கிராங்க் சென்சார் சிக்னல் அறுந்ததா, ஸ்டார்ட்டுக்கான இக்னிஷன் டைமிங்கை அதிகம் முன்தள்ளியதால் எஞ்சின் திருப்பி உதைத்ததா என்று கண்ணால் பார்க்கலாம். லட்சம் ரூபாய்க்கு ஈசியு போட்டுக்கொண்டு, அதன் பதிவைத் திறக்காமல் பேட்டரிக் கடைக்குப் போவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

பொருளை மாற்றினால் தடயமும் சேர்ந்து போய்விடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஓடும்போதே இக்னிஷன் சுவிட்சு நழுவி எஞ்சின் அணைந்தது. எப்போதாவதுதான் நடக்கும். நிறுவனம் ஓசையில்லாமல் சுவிட்சைத் திருத்தியது, பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் பழையதும் புதியதும் ஒன்றென்றே எல்லோரும் நினைத்தார்கள். விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் வழக்குக்காக ஒரு பொறியாளர் கடையில் புதுச் சுவிட்சு வாங்கி, பழையதோடு வைத்து அளந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. 2014-இல் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே பொறுப்பேற்றது.

"அது வர்ற நேரம் வரைக்கும் மீட்டரைப் பிடிச்சுட்டு நிக்க முடியுமா?" என்ற மெக்கானிக்கின் கேள்வி நியாயமானது. நிற்க வேண்டியதில்லை. சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயரிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, டேஷ்போர்டில் ஒரு சின்ன பல்பு மாட்டுங்கள். வண்டி மறுக்கும்போது பல்பு நன்றாக எரிந்தால் கோளாறு செல்ஃப் மோட்டார் பக்கம் அல்லது பெரிய வயர்களில். எரியாவிட்டால் சாவிப் பக்கம். மங்கலாக எரிந்தால் வழியில் வோல்ட் தொலைகிறது, செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரிலே வைத்து நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் தீரும். சாவியைத் திருகும்போது பல்பையும் மீட்டரையும் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். எந்த நேரம், எவ்வளவு ஓடிய பிறகு, எத்தனை நிமிடம் நிறுத்திய பிறகு என்று எழுதிவையுங்கள். கோளாறு வரும் நேரத்தில் வண்டியோடு இருப்பவர் ஓட்டுபவர்தான்.

பழி முழுவதையும் மெக்கானிக் தலையில் போடவும் எனக்கு மனமில்லை. இரண்டு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்து, அளந்து, வயர் முனையின் ஒரு லக்கை மட்டும் மாற்றிக் கொடுத்தால் "இதுக்கு எதுக்கு ஆயிரம்?" என்று கேட்கிறோம். அதே ஆள் ஆறாயிரம் ரூபாய் பேட்டரியை மாட்டினால் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு, அறிவுக்குக் காசில்லை என்று நாமே பழக்கியிருக்கிறோம். தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டு வால்வுகள் செய்யும் இன்ஸ்ட்ருமெண்டேஷன் லிமிடெட் இருக்கும் ஊர் கஞ்சிக்கோடு. ஐஐடி இருக்கும் ஊர். ஆலைக்குள் ஒரு வால்வு மக்கர் செய்தால் அளக்காமல் யாரும் கைவைக்க மாட்டார்கள். ஆலையிலிருந்து வெளியே வந்து காரில் ஏறும் அதே ஆள், "பேட்டரி வீக்" என்ற வார்த்தைக்குப் பணத்தை எடுத்து நீட்டுகிறார்.

பில்லில் கோளாறு கண்டுபிடித்ததற்கென்று தனிக் கூலி எழுதச் சொல்லுங்கள். எங்கே வைத்து அளந்தார்கள், எத்தனை வோல்ட் காட்டியது என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அளந்து சொல்லும் எலக்ட்ரீஷியன் அந்தக் கூலியாக ஆயிரம் ரூபாய் கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள்.