குடியிருக்கும் வீட்டுக்கு ஜப்தி இல்லை!

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கூலி விவசாயியையும் ஆலைத் தொழிலாளியையும் கடன் கொடுத்தவர் மிரட்டும் மிரட்டல் ஒன்றே: "வீட்டை ஜப்தி செய்வேன்!"

தோழர்களே, சட்டம் என்ன சொல்கிறது? 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, விவசாயியும் தொழிலாளியும் வீட்டுவேலை செய்பவரும் குடியிருக்கும் சொந்த வீட்டை, மனையை, நோட்டுக் கடன் டிகிரிக்காக ஜப்தி செய்ய முடியாது. மஞ்சள் கடுதாசி கொடுத்தாலும், 1920-ம் ஆண்டு திவால் சட்டப்படி அந்த வீடு கடன் கொடுத்தவர்களின் பங்குக்குப் போகாது. "இந்த உரிமை எனக்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. 1976-ம் ஆண்டுத் திருத்தம் அதையும் தடுத்துவிட்டது.

ஆனால் முன்வாசலை அடைத்த சட்டம் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பாக்கி என்றால், 2002-ம் ஆண்டுச் சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலே வீட்டை ஏலம் விடலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் மனமுவந்தா போடுகிறான்?

அமெரிக்காவின் டெக்சாஸ், 1839-லேயே குடியிருக்கும் வீட்டைக் கடனிலிருந்து காத்தது. வீடு வாங்க, கட்ட, பழுதுபார்க்க வாங்கிய கடன் போன்ற சிலவற்றைத் தவிர, மற்றக் கடனுக்கு அதை அடமானம் வைப்பதையே 1997 வரை தடுத்திருந்தது. முதலாளித்துவ நாட்டில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஒரே வீட்டை இப்படிக் காக்கும் சட்டம் இங்கும் வேண்டும்!

அதுவரை, கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள். இலவச சட்ட உதவி கேளுங்கள். ஆட்சேப மனுப் போடுங்கள். வாய் திறந்து கேட்காதவனுக்குச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்!